கடைசிப் பதினாறு பக்கங்கள்

2012 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். குழாயில் இரண்டு குடம் பிடித்து வைத்தேன். சவரம் செய்துகொண்டு, முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன ஒரு வரியை எழுதி முடித்தேன். குளித்து, இட்லி சாப்பிட்டபின், பையில் போக வேண்டியவற்றை மேசைமேல் எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். மெழுகுவத்திக் கட்டு, தீப்பெட்டி, டார்ச்சுக்கு செல், மனைவி கட்டித் தந்த இட்லிப் பொட்டலம், என் மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் மேலே, கசங்காமல் இருக்க அட்டை வைத்து பாலிதீன் உறையில் போட்ட பதினாறு பக்கங்கள்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புயல் அடித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சாலையில் விழுந்த மரங்களை அறுத்து இரண்டு பக்கமும் தள்ளியிருந்தார்கள். மின்கம்பங்கள் பாதியில் முறிந்து வயலில் கிடந்தன. பேருந்தில் பாதிப் பேர் கையில் செல்போன் இருந்தது. சார்ஜ் இருந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இல்லாதவர்கள் சும்மா வைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தவிர அச்சடித்த தாள் வைத்திருந்தவர் நடத்துநர் மட்டும்தான்.

அந்தப் பதினாறு பக்கங்கள் ஒரு மாத நாவலின் கடைசிப் பகுதி. மலிவுத் தாளில் அச்சாகி, பேருந்து நிலையக் கடையில் வாரப் பத்திரிகைகளோடு கிளிப் மாட்டித் தொங்குமே, அந்த வகை. நான்தான் அதைப் பிளேடால் பிரித்து எடுத்திருந்தேன். மீதிப் புத்தகம் கடலூர் முதுநகரில் என் அக்கா வீட்டில் இருந்தது. ஒவ்வொரு நாவலிலும் கடைசிப் பகுதியைப் பிரித்துச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்விடுவது ஒன்றரை வருடமாக என் பழக்கம். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். மச்சானைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும்.

மச்சான் என் அக்காவின் கணவர். என்னைவிடப் பத்துப் பதினொரு வயது மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். வண்டி எந்தத் தண்டவாளத்தில் வர வேண்டுமோ அதற்குப் பாதை மாற்றிவிடும் வேலை. ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வரும்வரை படிப்பார். துப்பறியும் கதை, குடும்பக் கதை, ராஜா ராணிக் கதை எதுவானாலும் சரி. அறிவை வளர்க்கவோ பரீட்சை எழுதவோ படித்தவர் அல்ல. கதை நன்றாக இருக்கும், அதனால் படித்தார். அவர் முடித்துவிட்டு எனக்குத் தருவார், நான் முடித்துத் திருப்பித் தருவேன். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு. அடுத்தவர் படித்து முடிக்கும்வரை முடிவைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. யார் மேல் சந்தேகம் என்றுகூடச் சொல்ல மாட்டார். கேட்டால் நெஞ்சைத் தட்டிக் காட்டி, "உள்ள இருக்கு" என்பார்.

ஒரு சமயம் வாடகைப் புத்தகக் கடையிலிருந்து எடுத்து வந்த நாவலில், பன்னிரண்டாம் பக்கத்து ஓரத்தில் யாரோ பேனாவால் ‘டிரைவர்தான் கொன்றது’ என்று எழுதி வைத்திருந்தார்கள். மச்சான் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஒரு ராத்திரிக்கி ரெண்டு ரூபா வாங்குறீயே, சோத்துல மண்ண போட்டு குடுக்குறதுக்கா வாங்குற?"

"நான் எழுதல சார். எவனோ எழுதியிருக்கான். ரப்பர் போட்டு அழிச்சித் தரட்டுமா?"

"புஸ்தகத்துல அழிப்ப. என் மண்டையில எப்புடிய்யா அழிப்ப?"

இப்படிப்பட்ட மனிதருக்கு 2009-ல் பக்கவாதம் வந்தது. வலக் கையும் வலக் காலும் இழுத்துக்கொண்டன. ஆறேழு மாதத்தில் கோல் ஊன்றி வாசல்வரை நடந்தார். பேச்சு உடைந்து உடைந்து வந்தது, ஆனால் வந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. கண்ணில் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடியை மாற்றினோம். பிறகு மருத்துவர் விளக்கினார். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்தை எழுத்தாக அறியும் இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது. காதால் கேட்டால் எல்லாம் புரியும், படிக்க மட்டும் முடியாது. மீண்டும் வருமா என்றேன். சிலருக்கு வரலாம் என்றார்.

மச்சான் நாளிதழை நேராகத்தான் பிடிப்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். ஒழுங்காக மடித்து வைத்துவிடுவார். எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். யோசித்துச் சொன்னார்.

"கோலம்... கோலம் மாதிரி இருக்கு மச்சான்."

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை வாசிப்பைத் தொடங்கினேன். சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் நில வரைபடம் வரைவது என் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. காலையில் போய்ச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாசிப்பேன். மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவேன். எழுபது பக்கம்வரை போகும். தொண்டை கட்டிவிடும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கதை சூடு பிடிக்கும்போது இடக்கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டும். ஒரு நாவலுக்கு இரண்டு ஞாயிறு வேண்டும். நடுவில் ஆறு நாள் அவர் காத்திருப்பார். அந்த ஆறு நாளில் வீட்டில் யாராவது தினம் பத்துப் பக்கம் படித்துக் காட்டினால் போதும். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

யார்மேலும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வீட்டில் மச்சானை ஒருவரும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. மகன் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்ப்பவன். எந்த ஷிப்டாக இருந்தாலும் அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் கிளம்புவான். மருமகள் தினமும் அவர் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். அக்கா மீனில் முள் எடுத்து ஊட்டுவாள். கேட்டதையெல்லாம் செய்தார்கள். கதை படிப்பதை மட்டும் அவர்களால் செய்ய முடியவில்லை.

அக்கா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்தைக் கூட்டிப் படிப்பாள். ஒரு பக்கம் முடிவதற்குள் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும். மகன் வேகமாகப் படிப்பான், ஆனால் கம்பெனி நோட்டீஸ் போர்டைப் படிப்பதுபோல. அரைப் பக்கம் போனதும் கண்ணைக் கீழே ஓட்டி, "சரிப்பா, அவன் அந்த வீட்டுக்குப் போறான். அங்க யாரும் இல்ல. அப்புறம் ஒரு போன் வருது. மூணு பக்கத்துக்கு இதான்" என்று சுருக்கிவிடுவான். தப்பில்லை, அந்த மூன்று பக்கத்தில் அதுதான் நடந்தது.

மருமகள்தான் நம்பிக்கையாக இருந்தாள். பி.காம். படித்தவள், துணிக்கடையில் பில் போடுகிறாள். குரல் நன்றாக இருக்கும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள். அவளிடம் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தில் பழைய பேருந்துச் சீட்டை அடையாளம் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு போனபோது மச்சான் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டு நாலு பக்கம் நகர்ந்திருந்தது. நான் வாசிக்கத் தொடங்கினேன். கைப்பிடியில் விரல் அசையவில்லை.

"என்ன மச்சான், ஒடம்புக்கு முடியலயா?"

"தம்பிதான்" என்றார். "தம்பி... செஞ்சது. தெரியும்."

மருமகள் அடுக்களையிலிருந்து வந்து பெருமையாகச் சொன்னாள். "நான்தான் சித்தப்பா சொன்னேன். புதன்கெழமையே கடைசிப் பக்கத்தப் பாத்துட்டேன். பாவம் மாமா, நீங்க வர்ற வரைக்கும் மண்டைய ஒடச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமேன்னு சொல்லிட்டேன்."

"சொல்லக் கூடாதும்மா."

"ஏன் சித்தப்பா? முடிவத் தெரிஞ்சிக்கத்தான படிக்கிறோம்?"

அதற்கு அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று நாட்குறிப்பில் இல்லை. காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் புரியுமா? எண்ணெய் தேய்த்துவிடுகிற அதே கையால் அவள் அவருக்கு இன்னொரு வலியையும் குறைத்திருந்தாள். அது வலி இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன்? அடுத்த புத்தகத்திலும் இதுவே நடந்தது. இந்தமுறை மகன் சொல்லிவிட்டான், இரவு ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில், "அப்பா, டாக்டர்தாம்ப்பா. நிம்மதியாத் தூங்கு" என்று.

அதற்குப் பிறகுதான் பிளேடு. கடைசிப் பகுதியைப் பிரித்து என்னிடமே வைத்துக்கொண்டேன். அக்கா சிரித்தாள்.

"அறுத்து அறுத்து எடுத்துட்டுப் போறியே, கசாப்புக் கடயா வெச்சிருக்க? அவருக்குன்னு ஒரு புஸ்தகம் வாங்கிட்டு வர, அதுவும் முழுசா இல்ல."

முடிவு வீட்டில் இல்லை என்றதும், யாரும் முடிவைச் சொல்லவில்லை. ஆனால் யாரும் படிக்கவும் இல்லை. பேருந்துச் சீட்டு நான் வைத்த பக்கத்திலேயே ஞாயிறுக்கு ஞாயிறு இருந்தது. முடிவு இல்லாத புத்தகத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வேறு வழிகளையும் பார்த்தேன். தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். வாய்விட்டுப் படிப்பது அவருக்குப் பழக்கம் என்பதால் கேட்டேன், சந்தோஷமாக வந்தார். இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் நாவலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நீதிக் கதைப் புத்தகத்தோடு வந்தார். "இந்தக் கொலை, கொள்ளையெல்லாம் இந்த வயசுல எதுக்கு? பயனுள்ளதா எதாச்சும் படிக்கலாமே" என்றார். ஒவ்வொரு கதை முடிந்ததும் இதிலிருந்து என்ன தெரிகிறது என்று மச்சானைக் கேட்டாராம். மச்சான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்து, அவர் போனபின் திறந்தாராம். அக்கா சொன்னாள்.

பிறகு செல்போனில் என் குரலைப் பதிந்து கொடுத்தேன். மகன் தினமும் போட்டுவிட்டுப் போனான். மச்சானுக்கு அது ஒத்துவரவில்லை. நேரில் என்றால் கையைத் தூக்கி நிறுத்துவார், அந்த வரியை இன்னொரு தடவை என்பார், நடுவில் தண்ணீர் குடிப்பார். போன் அவருக்காக நிற்கவில்லை. ஒருநாள் போர்வைக்கு அடியில் அது பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்ததாம்.

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். முதுநகர்ப் பக்கம் வீட்டில் கதை படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் யாராவது உண்டா என்று. துறைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருந்தார்கள். ராசிபலன் படிக்கிறவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளை அதட்டிப் படிக்க வைக்கிறவர்கள் எல்லோருமே. எதிர் மேசைக்காரர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "கதைய எதுக்கு சார் காசு குடுத்து வாங்கிப் படிக்கணும்? எங்க வீட்டுல தெனம் ஒரு கத ஓடுது. முடிவுதான் தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த நிலையில்தான் டிசம்பர் கடைசியில் புயல் வந்தது. அதற்கு முந்தைய ஞாயிறுதான் ஒரு புதிய நாவலைத் தொடங்கியிருந்தோம். ஒரு கல்யாண வீடு. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது தட்டில் வைத்த தாலியைக் காணவில்லை. பந்தலுக்கு வெளியே யாரும் போகவில்லை. எடுத்தவர் உள்ளேதான் இருக்கிறார். முப்பது பக்கம் படித்து, பேருந்துச் சீட்டை வைத்துவிட்டு, கடைசிப் பகுதியோடு நான் கிளம்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை புயல் கரையைக் கடந்தது. அலுவலகத்தில் எல்லோரையும் சேதக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள், ஞாயிறும் கிடையாது. போன் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு நிமிடம் மகன் பேசினான். கூடத்து ஷீட் இரண்டு பறந்துவிட்டது, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. பதினாறு பக்கம் என் பையில் இருந்தது. அதைப் பற்றி அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது?

ஆகவே எட்டாம் தேதி காலை முதுநகரில் இறங்கி நடக்கும்போது, சேதத்தைப் பார்க்கத்தான் மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். வீட்டு வாசலில் மருமகள் நின்றிருந்தாள். நலம் விசாரிக்கவில்லை. மெழுகுவத்திக் கட்டை வாங்கவில்லை.

"சித்தப்பா, அந்தக் கடைசிப் பக்கத்த எடுத்துட்டு வந்தீங்களா இல்லியா?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"மூணு நாளா ஒங்களத் திட்டிட்டிருக்கோம். கரெக்டா அந்த அத்தைய ரூமுக்குள்ள கூப்புட்றாங்க, அதோட இல்ல. கிழிச்சிட்டுப் போயிட்டீங்க."

அவள் கடைக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். டி.வி. இல்லை. போன் செத்துப்போயிருந்தது. புயல் அடித்த மூன்றாம் நாள் மதியம் சும்மா உட்கார்ந்திருந்தபோது மச்சான் புத்தகத்தை எடுத்து நீட்டினாராம். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுப் படித்திருக்கிறாள். அக்கா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். மகனும் வந்து உட்கார்ந்தான். மறுநாள் மதியம் மச்சான் நேரத்துக்கே கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாராம். கிழித்த இடத்துக்கு வியாழக்கிழமை வந்து சேர்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று நாளாக வீட்டில் தகராறு.

"பொண்ணுதான் எடுத்திருக்கா" என்றாள் அக்கா, நான் செருப்பைக் கழற்றுவதற்குள். "அவளுக்கு அந்தக் கல்யாணம் புடிக்கல. நெறைய எடத்துல வருது பாரு, தலைய குனிஞ்சிக்கிட்டாள்னு."

"கல்யாணத்துல தலைய குனியாம பின்ன நிமுந்துகிட்டா ஒக்காருவாங்க?" என்றான் மகன். "சமையக்காரரும்மா. கைய கழுவிட்டு வரேன்னு போனவரு எங்க போனாரு?"

"ஒங்களுக்கு எப்பவும் சோத்துப் பக்கந்தான் சந்தேகம்" என்றாள் மருமகள். "மாப்புளயோட அத்ததான். நான் பெட் கட்டுறேன்."

"நீங்க சொல்லுங்க மச்சான், யாரு?" என்று அவரைக் கேட்டேன்.

மச்சான் இடக்கையால் நெஞ்சைத் தட்டினார். வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தார். "உள்ள... இருக்கு." இரண்டரை வருடத்தில் அந்தச் சைகையை நான் பார்த்திருக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்காருவது என்று பேச்சு. மருமகள் வாசல் பக்கம் பாயை விரித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். பாலிதீன் உறையிலிருந்து தாள்களை எடுத்து, பக்க எண்ணைச் சரிபார்த்துக் கையில் வைத்தேன். மருமகள் தானே படிக்கிறேன் என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கப்போனேன்.

அப்போது கரண்ட் வந்தது.

தெருக்கோடியில் முதலில் ஒரு கூச்சல். பிறகு வீட்டுக்கு வீடு. கூடத்தில் மின்விசிறி தூசியோடு சுற்றத் தொடங்கியது. அக்கா கும்பிட்டாள். ஒன்பது நாளாக மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, தெருமுனைக் கைப்பம்பில் வரிசையில் நின்று குடம் குடமாகத் தூக்கியிருந்தார்கள். மருமகள் எழுந்து மோட்டார் போட ஓடினாள்.

"இதோ வந்துட்டேன் சித்தப்பா! படிச்சிடாதீங்க!"

மகன் நாலு போனையும் பொறுக்கி எடுத்து சார்ஜ் போட்டான். பக்கத்து வீட்டுப் போன்கள் இரண்டையும் வாங்கிவந்து போட்டான். எந்த நேரமும் திரும்பப் போய்விடும் என்று அக்கா அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் போட்டாள். யாரும் செய்யக்கூடாத எதையும் செய்யவில்லை. ஈரத்தோடு மூலையில் குவிந்திருந்த துணி நாற்றமடித்துக்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் வரும்போது அதைத் துவைக்காமல் கதை கேட்க உட்காரு என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

பாயில் நான், நாற்காலியில் மச்சான். ஒரு மணி நேரம் கழித்து, "நம்ம ரெண்டு பேரும் ஆரம்பிப்பமா மச்சான்?" என்றேன். வழக்கமான ஞாயிறு என்றால் அப்படித்தானே.

அவர் கையைத் தூக்கினார். "வேணாம். அவ... வரட்டும்."

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இரண்டரை வருடம் ஞாயிறு தவறாமல் வந்து வாசித்தவன் நான். ஆனால் அவருக்கு இப்போது முடிவு மட்டும் போதவில்லை என்று புரிந்தது. அத்தையா, சமையல்காரரா, மணப்பெண்ணா என்று அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு கேட்க வேண்டும். நான் படித்தால் கதை கிடைக்கும். அது கிடைக்காது.

மாலையில் துணி காயப்போட்டுவிட்டு மருமகள் வந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி. கூடத்தில் மகன் டி.வி.யைப் போட்டிருந்தான். ஒன்பது நாளாகப் பார்க்காத ஊர்ச் செய்தி. எந்தெந்தப் பக்கம் கரண்ட் வந்திருக்கிறது, எங்கே வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றபடியே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். செய்தி முடிந்ததும் ஒரு படம் ஆரம்பித்தது. அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவுக் கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்தாள். மச்சான் மருமகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தாள்களைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

"அய்யோ, மறந்தே போச்சி சித்தப்பா" என்றாள். மனதார வருத்தப்பட்டாள். "ஒடம்பெல்லாம் வலிக்குது. இப்ப ஒக்காந்து படிக்க முடியாது. யாரு எடுத்தான்னு மட்டும் சொல்லிடுங்களேன். அத்ததான?"

டி.வி.யில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. அக்காவும் மகனும் என் முகத்தைப் பார்த்தார்கள். மச்சான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். காதையும் மூட முடிந்தால் மூடியிருப்பார்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ரொம்பத்தான்" என்றாள் அக்கா. "என்னமோ வெள்ளிக் காசு பொதச்சி வெச்ச எடத்த கேட்டுட்ட மாதிரி."

மகன் சிரித்தான். "வுடும்மா. மாமா, நைட்டு தங்கிடுங்க. காலைல படிச்சிக்கலாம்."

படம் திரும்ப ஆரம்பித்தது. நான் தங்கினேன். மறுநாள் துணிக்கடை திறக்கிறார்கள் என்று சாப்பிடும்போது மருமகள் போனில் பேசியதிலிருந்து தெரிந்தது. இருப்புச் சரக்கைக் கணக்கெடுக்க ஏழு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மகனுக்கு முதல் ஷிப்டு. எனக்கு அலுவலகம். காலையில் யார் யாருக்குப் படிப்பது? மச்சானுக்கும் இது தெரிந்திருக்கும். படுக்கப் போகுமுன் புத்தகத்தை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

விளக்கை அணைத்தபின் நான் யோசித்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. தாள்களைத் திரும்பக் கொண்டுபோனால் புத்தகம் அப்படியே கிடக்கும்; அடுத்த ஞாயிறு பொங்கல், வீடு நிறைய ஆட்கள். விட்டுவிட்டுப் போனால், அவள் கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, அன்போடு அவர் காதில் சொல்லிவிடுவாள். மச்சானை மட்டும் உட்கார வைத்து நான் வாசிக்கலாம் என்றால், அவரே வேண்டாம் என்றார். மனிதர்களை வாசிக்கச் சொல்லலாம், உட்கார வைக்கலாம், முடிவை ஒளித்துக்கூட வைக்கலாம். அதில் சுகம் காண வைக்க எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் ஒரு வாரம் அது தானாக நடந்தது. நடக்க வைத்தது நான் இல்லை. நின்றுபோனதையும் என்னால் தடுக்க முடியவில்லை.

தாலியை எடுத்தது யார் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தோன்றலாம். அங்கே சொல்லாததை இங்கேயும் சொல்வதாக இல்லை.

9-ஆம் தேதி, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்ததும் முதல் காரியமாக அடுக்களைக்குப் போய், நீர் ஊற்றி வைத்திருந்த பழைய சோற்றிலிருந்து ஒரு கவளம் பிழிந்து எடுத்துக் கிண்ணத்தில் மசித்தேன். மச்சானின் தலையணைப் பக்கமிருந்த புத்தகத்தை எடுத்து, பிரித்த ஓரத்தில் பசை தடவி, பதினாறு பக்கங்களையும் எண் வரிசை பிசகாமல் பொருத்தி ஒட்டினேன். பேருந்துச் சீட்டை அவர்கள் வியாழக்கிழமை நிறுத்திய பக்கத்தில் வைத்து மூடி, பசை காயும்வரை அம்மிக் குழவியை மேலே பாரமாக வைத்தேன்.